பன்னிரண்டே போதும்

2025 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து சீசனின் முதல் வாரத்தில், மயாமி பல்கலைக்கழக அணி நோட்ர டாம் அணியை 27-24 என்று வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் அடித்த ஒரு ஃபீல்டு கோல்தான் வித்தியாசம். சீசன் முழுவதிலும் இரு அணிகளும் பன்னிரண்டு ஆட்டங்களில் பத்தில் வென்று, இரண்டில் தோற்று, டிசம்பரில் சரிசமமாக வந்து நின்றன. தேசிய சாம்பியனை முடிவுசெய்யும் பன்னிரண்டு அணி பிளேஆஃபில் மிச்சம் இருந்ததோ ஓர் இடம். தேர்வுக் குழு அந்த ஆகஸ்ட் இரவைத் திரும்பிப் பார்த்து மயாமியை உள்ளே எடுத்தது. நோட்ர டாம் வெளியே நின்றது. அந்த மயாமிதான் ஜனவரியில் இறுதியாட்டம் வரை போய், இண்டியானாவிடம் 27-21 என்று தோற்றது.

24 அணிகளுக்கு இடம் இருந்திருந்தால் இரண்டுமே நுழைந்திருக்கும். ஆகஸ்ட் ஆட்டத்தில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் வேறுபாடு இல்லாமல் போயிருக்கும். பிளேஆஃபை 16 அணிகளாக, ஏன் 24 அணிகளாகவே விரிக்க வேண்டும் என்று ஒலிக்கும் குரல்களை நாம் எதிர்ப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

விரிவாக்கமே கூடாது என்பது நம் கட்சி அல்ல. 2014 சீசனில் நான்கு அணிகளோடு தொடங்கிய இந்தப் பிளேஆஃப் கண்கூடாக அநீதி செய்தது. 2017-இல் சென்ட்ரல் ஃபுளோரிடா ஒரு தோல்வியும் இல்லாமலே பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. 2023-இல் ஃபுளோரிடா ஸ்டேட் பதின்மூன்று ஆட்டமும் வென்று லீக் கோப்பையையும் கையில் வைத்திருந்தது. குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காயம்பட்டு விலகியதால் அணி பழைய அணியாக இல்லை என்று சொல்லி அதை ஒதுக்கினார்கள். தோற்காத அணிக்கு விளையாடும் உரிமையே இல்லை என்பதை எப்படி ஏற்க முடியும்? 2024-இல் வந்த பன்னிரண்டு அணி முறை இந்தக் காயத்துக்கு மருந்தானது. சரியான மருந்து.

ஆனால், அதற்கும் ஒரு விலை இருந்தது. 2024 நவம்பர் 30 அன்று கொலம்பஸில், சொந்த மைதானத்திலேயே, ஜென்மப் பகையான மிச்சிகனிடம் ஓஹையோ ஸ்டேட் 13-10 என்று தோற்றது. அது அந்த அணிக்கு அந்த ஆண்டின் இரண்டாவது தோல்வி. பழைய முறையில் அன்றோடு கதை முடிந்திருக்கும். புதிய முறையிலோ, ஏழு வாரத்தில் அதே அணி தேசிய சாம்பியன். அடுத்த ஆண்டு மூன்று ஆட்டம் தோற்ற அலபாமாவுக்கும் இடம் கிடைத்தது. காலிறுதியில் இண்டியானா அதை 38-3 என்று நசுக்கியது. பன்னிரண்டிலேயே கதவு இவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது. இதற்கு மேல் அகட்டினால் உள்ளே வருவது யார்? மூன்றும் நான்கும் தோற்ற அணிகள். நீதி கேட்டு வாசலில் நிற்கும் தோற்காத அணி எதுவும் இன்று இல்லை.

அப்படியானால் இந்த அவசரம் எதற்கு? பணத்துக்கு. ஒளிபரப்பு உரிமைக்காக ஈஎஸ்பிஎன் ஆறு ஆண்டுகளுக்கு ஒப்புக்கொண்ட தொகை 780 கோடி டாலர். பிக் டென், எஸ்ஈசி என்ற இரண்டு பெரிய லீகுகளே வருமானத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. அமைப்பை மாற்றும் அதிகாரமும் பெருமளவு அவற்றின் கையில்தான். பெரிய லீகுகளின் நடுத்தர அணிகளுக்கு டிசம்பர் வரை நம்பிக்கை காட்டினால் டிக்கெட் விற்கும், பயிற்சியாளரின் வேலை தப்பும். இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. இது நீதியின் பெயரில் வருவதைத்தான் ஏற்க மறுக்கிறோம்.

கல்லூரிக் கால்பந்தில் இதற்கு அடுத்த நிலையான எஃப்சிஎஸ் பிரிவில் 24 அணிகள் ஆடவில்லையா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். அங்கே வழக்கமான ஆட்டங்கள் 2025 வரை பெரும்பாலான ஆண்டுகளில் பதினொன்றாகவே இருந்தன. பெரும்பாலான லீகுகளில் இறுதியாட்டம் என்ற ஒன்றே கிடையாது. மேல்நிலையில் இப்போதே சாம்பியன் ஆவதற்கு ஓஹையோ ஸ்டேட்டும் இண்டியானாவும் தலா 16 ஆட்டம் ஆடின. லீக் இறுதியாட்டத்தை எடுத்துவிட்டாலும், 24 அணி முறையில் முதல் சுற்றிலிருந்து வரும் அணி 17 ஆட்டம் ஆட வேண்டும். தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் வழக்கமான சீசனே 17 ஆட்டம்தான். இங்கே ஆடுவதோ பதினெட்டு வயதும் இருபது வயதுமான மாணவர்கள். டிசம்பர் அவர்களுக்கு செமஸ்டர் தேர்வு மாதம். ஒவ்வொரு ஆட்டத்திலும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட உடல்கள் பல முறை முழு வேகத்தில் வந்து மோதுகின்றன. 2025 முதல் பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன என்பது உண்மை. ஆனால், சம்பளம் வாங்கியதால் முழங்கால் மூட்டு இரும்பாகிவிடாது.

மாற்றம் வேண்டுமென்றால் ஒன்றைச் செய்யலாம். பன்னிரண்டு அணி முறையில் பிறந்த மிக நல்ல விஷயம், முதல் சுற்றைக் கல்லூரி மைதானங்களுக்கே கொண்டுவந்தது. 2025 டிசம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம்மின் கைல் ஃபீல்டில், பலத்த காற்றில், லட்சம் பேருக்கு நடுவே, கடைசி இரண்டு நிமிடம் வரை 3-3. பிறகு மயாமி ஒரு டச்டவுன் போட்டு 10-3 என்று வென்றது. அப்படிப்பட்ட ஆட்டம் முதல் நான்கு இடத்து அணிகளுக்குக் கிடைப்பதே இல்லை. முதல் சுற்றில் ஓய்வு கொடுத்துவிட்டு, காலிறுதியைப் பொது மைதானங்களில் வைக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெற்ற எட்டு அணிகளில் ஏழு அந்தக் காலிறுதியிலேயே வீழ்ந்தன. காலிறுதியை அந்த நான்கு அணிகளின் சொந்த ஊருக்கு மாற்றுங்கள். சீசன் முழுக்க உழைத்ததற்கு அதுவே உண்மையான பரிசு. அதற்காக ஒரு ஆட்டம்கூட அதிகமாக ஆட வேண்டியதில்லை.

லீகுகளின் ஆணையர்களுக்கும் பல்கலைக்கழகத் தலைவர்களுக்கும் நம் வேண்டுகோள் இதுதான்: அணிகளின் எண்ணிக்கையைப் பன்னிரண்டிலேயே நிறுத்துங்கள். காலிறுதியைக் கல்லூரி மைதானத்துக்குக் கொண்டுவாருங்கள்.