மேலே இருந்து பார்த்தால் புலி தெரியுமா?

பொதிகை மலையை வானத்தில் இருந்தே படம் பிடித்து விடலாம். 2005-ம் ஆண்டு மே மாதம் இந்தியா விட்ட "கார்ட்டோசாட்-1" செயற்கைக் கோள் 618 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றியது. அதில் 2 காமிராக்கள். ஒன்று முன்பக்கம் சாய்ந்து பார்த்தது. மற்றது பின்பக்கம் சாய்ந்து பார்த்தது. இரு படங்களையும் சேர்த்தால் மலையின் உயரம் தெரியும். நமக்கு இரண்டு கண் இருப்பதும் இதற்குத்தானே!

அதைத் தூக்கிச் சென்ற ராக்கெட் வகைக்கு "விகாஸ்" என்ஜினைச் சோதிக்கும் இடம் எது தெரியுமா? நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரிதான்!

ஆனால், மேலே இருந்து பார்த்தால் மரத்தின் தலைதான் தெரியும். அடியில் நிற்கும் புலி தெரியாது.

புலி இருக்கிறதா என்பது சின்ன விஷயம் அல்ல. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் தண்ணீர் கொடுக்கும் தாமிரபரணி பிறப்பது இந்தக் காட்டில். களக்காடு, முண்டந்துறை காடுகளில் புலிக்காக 1988-ல் போட்ட காவல்தான் ஆற்றுக்கும் காவல்.

அதனால் வன ஊழியர்கள் நடந்தே போகிறார்கள். பாதையின் இருபுறமும் தானியங்கிக் காமிராக்களைக் கட்டுகிறார்கள். ஏன் இரண்டு? புலியின் வலப்பக்கக் கோடு வேறு, இடப்பக்கக் கோடு வேறு. ஒரு பக்கத்துப் படம் மட்டும் இருந்தால் ஒரு புலி இரண்டு புலி ஆகிவிடும்!

பிறகு, அட்டைக்கடியோடு மறுபடியும் மலை ஏறிப் படங்களை எடுத்து வர வேண்டும்.