மாத்திரை வாய்க்குள் போனால் போதுமா?

உங்கள் வீட்டுப் பூனைக்கு மாத்திரை கொடுத்தாயிற்று என்று எப்போது சொல்வீர்கள்? வாயைத் திறந்து உள்ளே போட்டதுமா? அது விழுங்கியதைக் கண்ணால் பார்த்ததுமா? நானும் அப்படித்தான் நினைத்தேன், மாணவர்களே. பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் எனக்கே, தொண்டைக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒரு நீண்ட குழாய் இருப்பது அந்த நேரத்தில் மறந்துபோனது.

மிளகு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் திரிந்த பூனை. வீவக வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் அனுமதி வந்த பிறகு, உரிமம் எடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்தோம். சில மாதங்களில் அதற்குச் சளி பிடித்தது. ஓயாத தும்மல், கண்ணில் நீர். மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை தந்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

முதல் நாளே வீடு போர்க்களமானது. கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளியும். பிடித்தால் பிராண்டும். வாயில் போட்டால் நுரை தள்ளித் துப்பும். பாட்டி, “தேனில் குழைத்துக் கொடு” என்றார். அதுவும் பலிக்கவில்லை. மூன்றாம் நாள் எனக்கு ஒரு கைப்பழக்கம் வந்துவிட்டது. பிடி, திற, போடு, மூடு, விடு. பத்தே விநாடி! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆறாம் நாள் மிளகு சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது. கொஞ்சம் சாப்பிட்டபோதும் கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கியது; பிறகு அப்படியே கக்கியது. சோதித்துப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் புண். நோயால் வந்ததல்ல, நான் கொடுத்த மருந்தால் வந்த புண்.

நீங்கள் மாத்திரை போட்டுக்கொள்ளும்போது நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கிறீர்கள். நான்கு காலில் நிற்கும் பூனைக்கு உணவுக்குழாய் ஏறக்குறையப் படுக்கைவாட்டில் இருக்கிறது. மாத்திரையைப் போட்டதும் அது தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடிப் போவதும் இல்லை. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், 30 பூனைகள் விழுங்கிய மாத்திரைகள் எங்கே போகின்றன என்று கண்காணித்தார்கள். வெறுமனே விழுங்க வைத்த மாத்திரைகளில் பாதிக்கு மேல் 5 நிமிடம் கழித்தும் வயிற்றை எட்டவில்லை. விழுங்கியவுடன் சிறிது தண்ணீர் கொடுத்தபோது 2 நிமிடத்துக்குள் எல்லாமே வயிற்றுக்குப் போய்விட்டன.

சில மாத்திரைகள் வழியில் நின்றாலும் பெரிய கெடுதல் இல்லை. டாக்சிசைக்ளின் அப்படியல்ல. ஈரத்தில் கரையும்போது அது அமிலத்தன்மை கொண்ட கரைசலாகிறது. நின்ற இடத்தின் மென்மையான சவ்வைப் பொசுக்குகிறது. புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, குழாயே குறுகிவிடலாம். அப்படிக் குறுகிய குழாயை மயக்க மருந்து கொடுத்து, சிறிய பலூனை உள்ளே செலுத்தி விரிக்க வேண்டியிருக்கும். இதே மருந்து மனிதர்களுக்கும் உண்டு. முகப்பருவுக்காக உங்கள் வகுப்பில் யாராவது இதைச் சாப்பிடக்கூடும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், உடனே படுக்காதீர்கள் என்று அவர்களுக்கு மருத்துவர் சொல்வது இதே காரணத்தால்தான்.

எங்கள் மருந்துப் பையில் “காலை 1, மாலை 1” என்று அச்சிட்டிருந்தது. தண்ணீரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பூனைக்கான ஒவ்வொரு மாத்திரைப் பையிலும் அதைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது என் கருத்து. அது வரும்வரை, மருந்து வாங்கும் இடத்தில் நீங்களே கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் பூனையைப் பிடிக்கும் வேலை உங்கள் தலையில்தானே விழுகிறது.

பூனையின் மறுப்பையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். பாட்டியின் தேன் ஏன் தோற்றது தெரியுமா? பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பிக்குத் தேவையான இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் பழுதாகிவிட்டது என்று பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு நிலையத்தினர் 2005இல் காட்டினர். ஆனால் கசப்பு அதற்கு நன்றாகத் தெரியும். கசப்பு என்றால் விஷமாக இருக்கலாம். துப்பிவிடு என்பதுதான் அதன் உடலுக்குத் தெரிந்த பாதுகாப்பு. வாயில் நுரை தள்ளுவதும் பெரும்பாலும் அந்தக் கசப்பால்தான். இதைப் பிடிவாதம் என்று திட்டுவது, சூடு பட்டுக் கையை இழுத்தவனைத் திட்டுவது போன்றது.

அதனால்தான் மாத்திரையைப் பொடித்து முழுச் சாப்பாட்டிலும் கலப்பது எனக்கு உடன்பாடில்லை. ஜான் கார்சியாவும் அவருடைய சகாக்களும் 1955இல் எலிகளிடம் கண்டதை நினைத்துப் பாருங்கள். இனிப்பு நீரைக் குடித்தபோது கதிர்வீச்சால் உடம்பு சரியில்லாமல் போன எலிகள், பிறகு அந்த நீரைத் தவிர்த்தன. பூனையும் தன் சாப்பாட்டையே சந்தேகிக்கத் தொடங்கினால் ஆபத்து. சில நாள் பட்டினி கிடந்தாலே, அதிலும் குண்டான பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே உலை வைக்கும். தவிர, சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது.

எங்களுக்குப் பின்னர் பலித்த வழியைச் சொல்கிறேன். உணவோடு கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்ன மாத்திரையானால், பசைபோன்ற பூனைத் தின்பண்டத்தில் மூன்று சிறு உருண்டை செய்யுங்கள். முதலாவது வெறும் உருண்டை. இரண்டாவதில் மாத்திரை. அதை மெல்லும் முன்பே மூன்றாவதை மூக்கருகே காட்டுங்கள். அவசரத்தில் இரண்டாவதை விழுங்கிவிடும். இது பலிக்காவிட்டால் துவாலை. முகம் மட்டும் தெரியும்படி சுற்றி, அதன் முதுகு உங்கள் பக்கம் இருக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் தலையை மேலிருந்து பிடித்து, மூக்கை லேசாக உயர்த்தி, மற்றக் கைவிரலால் கீழ்த்தாடையை இறக்கி, நாக்கின் பின்பகுதியில் மாத்திரையைப் போடுங்கள். விழுங்கியதும் ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லிலிட்டர் தண்ணீர். வாயின் பக்கவாட்டில், கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில், சிறிது சிறிதாக விடுங்கள். நேராகத் தொண்டைக்குள் பீச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். முதல் தடவை வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால், வீட்டில் இருக்கிற மருந்தைக் கொடுக்க மட்டும் நினைக்காதீர்கள். காய்ச்சலுக்கு நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமால், பூனைக்கு நஞ்சு. அதைப் பாதுகாப்பாக மாற்றி வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் மாறிவிடும். ஈறு பழுப்பு நிறமாகும். ஒரே மாத்திரை கொன்றுவிடக்கூடும்.

அதைவிட மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது நல்லது. இங்கேதான் நம்மில் பலர் சறுக்குகிறோம். பாதி வேளை கட்டில் அடியில் கிடந்திருக்கும். கேட்டால் “எல்லாம் கொடுத்தோம், டாக்டர்” என்போம். அவர் அதை நம்பி, இந்த மருந்து கேட்கவில்லை என்று வேறு வலுவான மருந்துக்குப் போவார். ஆய்வுக்கூடத்தில் எடுக்காத அளவை நோட்டில் எழுதினால் ஆசிரியர் என்ன சொல்வார்? வீட்டிலும் ஒரு தாளை ஒட்டி வையுங்கள்: தேதி, நேரம், விழுங்கியது, துப்பியது, தண்ணீர் கொடுத்தது. துப்பியது என்று எழுத வெட்கப்பட வேண்டாம். அந்தத் தாளைப் பார்த்தால், திரவ மருந்தாக மாற்றலாமா என்று மருத்துவர் யோசிப்பார். இரண்டு வாரம் வேலை செய்யும் ஊசியும் உண்டு, எல்லாத் தொற்றுக்கும் அது பொருந்தாது. தைராய்டு நோய்க்கு, காது மடலின் உட்புறத்தில் தடவும் களிம்பும் இருக்கிறது.

மிளகுக்குப் புண் ஆறச் சில வாரங்கள் ஆயின. நல்லவேளையாகக் குழாய் குறுகவில்லை. நான் வருகிற சத்தம் கேட்டால் இன்றும் ஒரு நொடி கட்டிலைத்தான் பார்க்கிறது. சிரிஞ்சைக் கழுவிச் சமையலறை இழுப்பறையில் வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் அதற்குக் குடற்புழு மாத்திரை கொடுக்க வேண்டும்.