கறை ஒட்டாத ஆடை எதற்கு?

பிரான்சில் 'பிஃபாஸ்' கலந்த ஆடைகளுக்கான தடை 2026 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. நீரும் கறையும் ஒட்டாதிருக்கத் துணியில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் இவை. எளிதில் சிதையாமல் மண்ணிலும் நீரிலும் உடலிலும் தங்குபவை. இவற்றுள் ஒன்றான 'பிஎஃப்ஓஏ' புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023இல் அறிவித்தது.

தீயணைப்பு வீரர்களின் பாதுகாப்பு உடைக்கு இத்தடையில் விலக்கு உண்டு. அந்த விலக்கில்தான் நமக்கான பாடம் இருப்பதாக நான் கருதுகிறேன். அவர்களுக்கு அது தேவை. குளிரூட்டிய வகுப்பறையில் நாம் அணியும் மேலங்கிக்கு எதற்கு?

ஆடையின் சீட்டில் 'பாலியெஸ்டர் 100%' என்றிருக்கும். பூச்சு பற்றிப் பெரும்பாலும் இருக்காது. 'கறை ஒட்டாது' என்று விளம்பரம் செய்தால், என்ன பூசியிருக்கிறது என்று கேட்போம். பதில் இல்லையென்றால், சாதாரணத் துணியே போதும். மழைக்குக் குடை இருக்கிறது.