ஓடுபாதைக்கு முந்திய தூரம்

வட இலங்கையின் வன்னிச் சனங்கள் விமானங்களைக் காதால் பிரித்தறியப் பழகியவர்கள். இரைச்சல் இழுபட்டு இழுபட்டு வந்தால் அது சகடை, அதாவது குண்டு போடும் சரக்கு விமானம். தலைக்கு மேலே விடாமல் ரீங்கரித்துக்கொண்டு நின்றால் வண்டு, அதாவது ஆளில்லா வேவு விமானம். சத்தம் காதில் விழும்போதே தலைக்கு மேலே வந்துவிட்டால் கிபிர் என்ற போர் ஜெட்; அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை, பங்கருக்குள் பாய வேண்டியதுதான். 2006 ஆகஸ்ட் 14 இல் வள்ளிபுனத்தில் விமானக் குண்டுவீச்சில் கொல்லப்பட்ட மாணவிகளை முல்லைத்தீவு இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. இந்த மண்ணில் விமானம் என்பது நெடுங்காலம் வந்து போகும் ஒன்றாக இருக்கவில்லை. வந்து விழும் ஒன்றாகவே இருந்தது.

அந்தச் சத்தங்களைக் கேட்டு ஓடியவர்களின் பிள்ளைகள் இன்று உயர்தர வகுப்புகளில் இருக்கிறார்கள். போர் முடிந்த 2009 ஐ ஒட்டிப் பிறந்தவர்கள்; கிபிரைக் காணாதவர்கள். கிளிநொச்சியில் கணிதப் பிரிவில் படிக்கும் மாணவன் ஒருவன் கைபேசியில் சேமித்து வைத்திருந்த விளம்பரம் ஒன்றைக் காட்டி, "இதுக்கு நான் போடலாமோ சேர்?" என்று கேட்டான். விமான நிறுவனம் ஒன்றின் கடெற் விமானிகளுக்கான விளம்பரம் அது. அருகில் நின்ற தாய் முந்திக்கொண்டார்: "கடெற் எண்டால் ஆமிப் பயிற்சிதானே சேர்?"

அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. வன்னியில் கடெற் என்ற சொல் பள்ளி மைதானத்தில் சீருடையோடு நடக்கும் அணிவகுப்பை நினைவூட்டும்; விமானி என்ற சொல் விமானப் படையை நினைவூட்டும். கடெற் விமானி என்பவர் பயணிகள் விமானத்தில் துணை விமானியாவதற்குப் பயிலும் குடிசார் ஊழியர் என்பதை விளக்க எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது. தாய் ஓரளவு ஆறுதலடைந்தார். அதற்குப் பிறகு அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்குத்தான் என்னிடம் நேரான பதில் இருக்கவில்லை. "காசு முதலே கட்ட வேணுமோ, எடுபட்டாப் பிறகு கட்டலாமோ?"

முழு விடயமும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

கடெற் திட்டம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்றில் நிறுவனம் முதலில் ஆளைத் தெரிவு செய்கிறது. பிறகு தன் செலவிலோ, சம்பளத்தில் கழிக்கும் கடனிலோ பயிற்றுகிறது. பதிலுக்குச் சில ஆண்டுகள் அங்கேயே பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறது. பிரிட்டிஷ் எயர்வேய்ஸ் 2023 இல் அறிவித்த திட்டம் இதற்கு நல்ல உதாரணம். ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் பவுண்ட் வரை ஆகும் பயிற்சிச் செலவை நிறுவனமே பொறுப்பேற்கிறது. ஆனால் பிரித்தானியாவில் வாழவும் வேலை செய்யவும் உரிமை உள்ளவர்தான் விண்ணப்பிக்கலாம். ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகளில் இலண்டனில் இருப்பவன் போடலாம். பரந்தனில் இருப்பவன் போட முடியாது.

மற்றைய ஏற்பாடு நாம் அதிகம் காண்பது. பிள்ளை சொந்தச் செலவில் பறக்கும் பள்ளியில் சேர்ந்து, வணிக விமானி உரிமமும் கருவிவழிப் பறத்தலுக்கான தகுதியும் பெற்று, கோட்பாட்டுப் பரீட்சைகளையும் முடித்துக்கொண்டு வர வேண்டும். அப்படி வந்தவர்களிலிருந்து நிறுவனம் கடெற்களைப் பொறுக்கி எடுக்கும். இலங்கையில் பெரும்பாலும் நடப்பது இதுதான். பணம் முதலில், தேர்வு பிறகு.

இந்த வரிசை கொழும்பிலுள்ள வசதியான குடும்பத்துக்கு ஒரு துணிச்சலான முதலீடு. வன்னிக் குடும்பத்துக்கோ அது சூதாட்டம். சர்வதேச விதிப்படி வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற முழுநேரப் பயிற்சி நெறியானால் 150 மணி நேரம். ஒவ்வொரு மணி நேரத்திலும் எரியும் எரிபொருளும் மாற்றும் உதிரிப் பாகமும் டொலரில் வாங்கப்படுபவை. 2022 ஆரம்பத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களிலேயே 350 ஐத் தாண்டியது. அந்த ஆண்டு பாதிப் பயிற்சியில் நின்றவர்களின் கணக்கு எப்படிப் புரண்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். பறக்கும் பள்ளிகளோ கொழும்பை அடுத்த இரத்மலானையை அண்டியே இருக்கின்றன. 300 கிலோமீற்றருக்கு அப்பால் அறை வாடகைக்கு எடுத்து, காலநிலை சரிவராத நாள்களையும் காசு கொடுத்துக் கழிக்க வேண்டும்.

கடன் எடுக்கலாமே என்பார்கள். எதை வைத்து? வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் பெருமளவு காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. உறுதிக் காணியை வங்கியில் ஈடு வைப்பதுபோல் பெர்மிற் காணியை வைத்துவிட முடியாது. 2017 இல் அரசு தொடக்கிய வட்டியில்லா மாணவர் கடன் பட்டப் படிப்புகளுக்கானது. விமானி உரிமம் பட்டமல்ல. எஞ்சுவது வெளிநாட்டுச் சொந்தக்காரரும் அடகுக் கடையும்தான்.

இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் மல்கான்கிரி என்றொரு மாவட்டம் உண்டு. மாவோயிஸ்ட் மோதல்களால் பெயர்பெற்ற, பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பின்தங்கிய பகுதி. அங்கிருந்து அனுப்பிரியா லக்ரா என்ற பெண் 2019 இல் பயணிகள் விமானத்தின் துணை விமானியானார். தந்தை பொலிஸ் திணைக்களத்தில் கீழ்நிலை ஊழியர். பொறியியல் படிப்பை இடையில் விட்டு 2012 இல் புவனேஸ்வரத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவருக்கு அந்த இருக்கைக்கு வர ஏழு ஆண்டுகள் பிடித்தன. கடன் வாங்கியும் உறவினரிடம் கேட்டும்தான் கட்டணம் கட்டினோம் என்று குடும்பத்தினர் பத்திரிகைகளிடம் கூறினர். அவருடைய வெற்றியைக் கொண்டாடும் நாம், அதே கடனை வாங்கி உரிமத்தோடு வேலையின்றி இருப்பவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகையோர் இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை.

சரி, தேர்வில் என்னதான் பார்க்கிறார்கள்? உலகெங்கும் படிகள் ஏறத்தாழ ஒன்றே. விண்ணப்பம், கணினியில் மனக்கணக்கு, திசையுணர்வு, ஞாபகம், ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிக்கும் திறன் ஆகியவற்றுக்கான சோதனை, குழுப்பணி, நேர்முகத் தேர்வு, சில இடங்களில் பாவனைப் பொறியில் ஒரு பரிசோதனை, முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். இவற்றில் வன்னிப் பிள்ளை இயல்பிலேயே பின்தங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை. இணைந்த கணிதமும் பௌதிகவியலும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தடுக்குவது வேறு இடங்களில்.

முதலாவது ஆங்கிலம். இதை ஆங்கில மோகம் என்று தள்ளிவிட முடியாது. 1996 நவம்பர் 12 இல் டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் வானில் மோதி 349 பேர் இறந்தார்கள். ஒரு விமானத்தின் குழுவினர் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ஆங்கிலத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளாததும் விசாரணையில் பேசப்பட்டது. இத்தகைய விபத்துகளுக்குப் பிறகுதான் சர்வதேசக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பு ஆறு படி கொண்ட மொழித்திறன் அளவுகோலை வகுத்தது. 2008 முதல் நான்காம் படி குறைந்தபட்சத் தகுதியானது. நம் பிள்ளைகள் அறியாத செய்தி ஒன்று அந்த அளவுகோலுக்குள் இருக்கிறது. நான்காம் படியில் தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருப்பது குற்றமே இல்லை. சொல்வது விளங்கினால் போதும். கொழும்புப் பாடசாலை ஒன்றின் நுனிநாக்கு ஆங்கிலம் கேட்கப்படவில்லை. விளங்காதபோது விளங்கவில்லை என்று தெளிவாகச் சொல்லத் தெரிவது கேட்கப்படுகிறது.

இரண்டாவது தடுக்கல் பணிவு. 1977 மார்ச் 27 இல் தெனரீஃப் ஓடுபாதையில் 583 பேர் இறந்தனர். புறப்படத் தொடங்கிய விமானத்தின் பொறியியலாளர், மற்ற விமானம் இன்னும் பாதையில் நிற்கிறதோ என்று கேட்டார்; அனுபவமிக்க கப்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. மேலதிகாரியை மரியாதையோடு, ஆனால் விடாமல் மறுத்துப் பேசத் தெரிந்தவரைத் தேர்வுக் குழு தேடுவதற்குப் பின்னால் அந்த ஓடுபாதை இருக்கிறது. நமது வகுப்பறையோ ஆசிரியர் கரும்பலகையில் பிழையாக எழுதினாலும் பிழையாகவே பார்த்து எழுதும் பிள்ளையைத்தான் நல்ல பிள்ளை என்கிறது.

மூன்றாவது, தன் கதையின் பெறுமதி தெரியாமை. அந்த மாணவனுடன் ஒரு மாலை நேர்முகத் தேர்வுக்கான ஒத்திகை பார்த்தேன். நெருக்கடியில் குழுவாகச் செயற்பட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லச் சொன்னேன். எங்கோ மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் கிரிக்கெட் அணித் தலைவனின் கதை ஒன்று வந்தது. அவன் கிரிக்கெட் விளையாடுகிறவன் அல்லன். "தமிழிலையே சொல்லு, உனக்கு நடந்ததைச் சொல்லு" என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, ஒரு மாரியில் குளம் வான் பாய்ந்து வீதியை மூடிய கதையைச் சொன்னான். சுகவீனமான அயல்வீட்டு முதியவரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்களாம். இரண்டு பேர் தடியோடு முன்னே நடந்து ஆழம் பார்த்தார்களாம். மதகடியில் தடி திடீரென்று ஆழ இறங்கியதும், "இனி ஏலாது, திருப்புங்கோ" என்று கத்தியவன் இவன்தான். மாமா கோபித்தாராம். திரும்பி, ஒரு மணித்தியாலம் கூடுதலாகச் சுற்றி வேறு பாதையால் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கேட்டேன். "அது பாதியிலை திரும்பின கதை தானே சேர்" என்றான்.

இறங்க முடியாத ஓடுபாதையில் இறங்க முனையாமல் மீண்டும் மேலெழுவதை விமானிகள் தோல்வியாகக் கருதுவதில்லை. அதற்கென்றே பயிற்சி எடுக்கிறார்கள். சூழ்நிலையை உணர்வது, மூத்தவரின் கோபத்தை மீறிச் சொல்வது, மாற்று வழியைத் தேர்வது எல்லாம் அந்த ஒரு கதைக்குள் இருந்தன. சொல்லத் தக்க கதை என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஆக, செய்ய வேண்டியது என்ன? பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் போக, 5 சதவீதத்தைக் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென அரசு ஒதுக்குகிறது. வன்னி மாவட்டங்கள் அதில் அடங்குகின்றன. விமானி இருக்கைக்கு அப்படி ஒதுக்கீடு கேட்பது தவறு. 30,000 அடி உயரத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளிச் சலுகை எதுவும் உதவாது. நாம் கேட்க வேண்டியது வரிசையை மாற்றும்படிதான்.

தகுதிச் சோதனை முதலில் நடக்கட்டும். கணினிச் சோதனையும் ஆங்கில மதிப்பீடும் நடத்த விமானம் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது; 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. குடிசார் விமானச் சேவைகள் அதிகார சபை ஆண்டுக்கொரு முறை அங்கு வந்து இலவசமாக ஒரு தேர்வை நடத்தலாம். அதில் தேறியவருக்கு மட்டும் மருத்துவப் பரிசோதனை. அதிலும் தேறியவருக்கு மட்டும் பயிற்சிக் கடன்; அதுவும் ஒரே முறையில் இல்லாமல் படிப்படியாக, வேலை கிடைத்த பின்னர் கழிக்கும் விதத்தில். இந்த வரிசையில் முதல் இரு படிகளில் ஒன்றில் வெளியேறும் பிள்ளை ஒரு பகல் பொழுதை இழப்பான். இன்றைய வரிசையில் அவன் குடும்பத்தின் அடகு வைத்த நகைகளை இழப்பான்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. குடிநீரும் பஸ்ஸும் ஆங்கில ஆசிரியரும் இல்லாத கிராமங்களுக்கு விமானி எதற்கு? ஒருவரைப் பயிற்றும் காசில் எத்தனையோ பேருக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கலாமே? உண்மைதான். அதனால்தான் நன்கொடை கேட்கவில்லை, கடன் கேட்கிறோம். இந்த ஏற்பாட்டில் செலவு குறைந்த பகுதி முதலில் வரும் தேர்வும் அதற்கான ஆயத்தமும். அந்த ஆயத்தம் விமானியாகாத பிள்ளைக்கும் வீண்போகாது. ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசவும், குழுவில் மறுத்துச் சொல்லவும், தன் அனுபவத்தை எடுத்துரைக்கவும் பழகியவன் விமானப் பொறியியலுக்கும் போகலாம், வேறெந்த நேர்முகத் தேர்வுக்கும் போகலாம்.

1947 டிசம்பர் 10 இல் எயர் சிலோனின் முதலாவது பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. இந்நாட்டின் விமானச் சேவை பிறந்த நாளிலேயே வடக்கு அதன் வழியில் இருந்தது. 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துப் பலாலி மீண்டும் சர்வதேச விமான நிலையமானது. கிளிநொச்சியிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீற்றர்தான். பயணிகளாக அங்கே போகத் தொடங்கிவிட்டோம்.

அந்த மாணவன் இப்போதைக்கு எந்தப் பறக்கும் பள்ளிக்கும் காசு கட்டவில்லை. முதலில் கண்ணையும் நிறப் பார்வையையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அதில் தேறாவிட்டால் மற்ற எதையும் தொடங்கத் தேவையில்லை. தாயின் கேள்விக்கு அரசு பதில் சொல்லும்வரை வீட்டு நகைகள் றங்குப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.