அடி வாங்கினோம், நன்றாகத்தானே இருக்கிறோம்?

ஆக்லாந்தில் நம்மவர் வீட்டு விருந்துகளில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும். "நாங்கள் பெல்ட் அடி வாங்கி வளர்ந்தவர்கள். என்ன கெட்டுப்போனோம்?" என்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இந்த வாதம் தவறு; பிள்ளைகளுக்கு ஆபத்தானதும்கூட.

முதலாவது, "நன்றாக இருக்கிறோம்" என்று சொல்வது யார்? சபையில் பேசும் நிலையில் இருப்பவர்கள். குடியில் விழுந்தவரும், அப்பாவின் குரலைப் போனில் கேட்டாலே கை நடுங்குகிறவரும் அங்கே வாய் திறப்பதில்லை.

இரண்டாவது, "மனக்காயம் ஆறிவிடும், உடம்புக்கு என்ன?" இதே நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரை ஆய்வாளர்கள் குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். மூன்று வயதில் தாய் குழந்தையை எப்படி நடத்தினார் என்பதை நேரில் பார்த்துக் குறித்தார்கள். ஏழு, ஒன்பது வயதுகளில் எப்படித் தண்டிக்கிறீர்கள் என்று பெற்றோரையே கேட்டார்கள். 32 வயதில் ரத்தம் எடுத்து, உடலில் அழற்சி இருந்தால் கூடும் சிஆர்பி என்ற புரதத்தை அளந்தார்கள். புறக்கணிப்பு, கடும் தண்டனை, வன்கொடுமை போன்றவற்றில் இரண்டோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களிடம் அது அபாய அளவைத் தொடும் வாய்ப்பு, எதையும் அனுபவிக்காதவர்களைப் போல் சுமார் 1.8 மடங்கு. நீடிக்கும் அழற்சி இதயநோய்க்கு வழி வகுக்கும்.

மூன்றாவது, "சிகரெட்டும் வறுமையும்தான் காரணம்." புகைப்பழக்கம், உணவு, உடற்பயிற்சி, சிறுவயது வறுமை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

நான்காவது, "எங்கோ சில வீடுகளில் நடப்பது." 2017 முதல் 2019 வரை ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆக்லாந்து, நார்த்லாந்து, வைகாட்டோ பகுதிகளில் 2,887 பேரிடம் கேட்டார்கள். வன்கொடுமை, வீட்டில் வன்முறை, பெற்றோரின் போதைப்பழக்கம் உள்ளிட்ட எட்டு வகைத் துயரங்களில் ஒன்றையாவது சிறுவயதில் அனுபவித்தவர்கள் 55 சதவீதம். நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்கள் ஒன்பதில் ஒருவருக்கும் அதிகம்.

ஐந்தாவது, "ஒரு தட்டு தட்டினாலே இந்த ஊர்ச் சட்டம் ஜெயிலில் போடும்." திருத்தும் பெயரில் அடிப்பதற்கு இருந்த சட்டப் பாதுகாப்பை 2007இல் நீக்கியது உண்மை. ஆனால் அற்பமான சம்பவங்களில் வழக்குப் போடாமல் விட போலீஸுக்கு அதே சட்டம் இடம் தருகிறது.

ஒரு தட்டால் இதயநோய் வந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. அடிபட்டவர்கள் எல்லோரும் நோயாளி ஆவதும் இல்லை. நம்பிக்கையான ஒரு பெரியவரின் துணை பெரிய மாற்றம் செய்யும். எனவே அடிபட்டு வளர்ந்தவர்கள் அதைக் குடும்ப மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனம் பாரமானால் 1737 என்ற மனநல உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். உங்கள் பிள்ளையை அடித்திருந்தால் இன்றே மன்னிப்புக் கேளுங்கள். அதனால் பெற்றவரின் மரியாதை குறையாது.