இரண்டாம் முறை கேட்போமா?

'கண்டக்டர்' என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர், பெஸ்ட் பஸ்ஸில் "புடே சலா, புடே சலா" என்று நம்மை முன்னே நகர்த்திக்கொண்டே டிக்கெட் கொடுப்பவர்தான். ஆர்க்கெஸ்ட்ராவின் முன் நின்று கையசைக்கும் கண்டக்டர் என்றால், மும்பைவாசிகளான நம்மில் பலருக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று: ஜூபின் மேத்தா. 1936-ல் இந்த ஊரில் பிறந்து, 1954-ல் வியன்னாவுக்குப் படிக்கப் போய், 1978-ல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவின் இசை இயக்குநரானவர். 'நம்ம ஊர்ப் பிள்ளை' என்று நாமும் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். ஆனால் அந்த நாற்காலியில் அவருக்கு முன்னால் இருந்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. (இரண்டு வகைக் கண்டக்டர்களும் உட்காருவதில்லை என்பது வேறு விஷயம்.)

அவர் பெயர் பியேர் பூலெஸ். பிரெஞ்சுக்காரர். இருபதாம் நூற்றாண்டின் புதிய இசையை மேடையேற்றுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். 2016 ஜனவரி 5 அன்று, தமது 90-வது வயதில், ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் காலமானார். என் பணிக்காலத்தில் மேற்கத்திய இசைப் பித்துக் கொண்ட பார்சி அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் வீட்டு இசைத்தட்டுகளின் மூலம்தான் எனக்கு பூலெஸ் அறிமுகம்.

இத்தனை நாள் கழித்து அவரைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. நம் சங்க ஆண்டு விழா நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் ஒருவன். இந்த முறை நம் உறுப்பினர் ஒருவரின் மகள், வீணை, வயலின், செல்லோ மூன்றுக்குமாகத் தானே அமைத்த பன்னிரண்டு நிமிடப் படைப்பை அனுப்பியிருந்தாள். தோழிகளோடு வீட்டில் வாசித்துப் பதிவு செய்தது. குழுவில் அதைச் செல்போனில் இரண்டே நிமிடம் கேட்டோம். "ராகமும் தெரியலை, தாளமும் பிடிபடலை" என்றார் ஒருவர். "ஜனங்க எழுந்து போயிடுவாங்க" என்றார் இன்னொருவர். நான் வாய் திறக்காமல் தலையாட்டினேன். விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் எனக்கு முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பூலெஸின் நினைவு வந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பூலெஸ் 1925-ல் பிரான்சில் மோன்ப்ரிசோன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை இரும்பாலையில் எஞ்சினியர். மகனும் எஞ்சினியராக வேண்டும் என்பது அவர் ஆசை. (இதைப் படிக்கும் பெற்றோர் சிலர் புன்னகைப்பது எனக்குத் தெரிகிறது!) லியோன் நகரில் உயர்கணிதம் படித்த பையன், 1943-ல் பாரிசுக்குப் போய் இசையில் இறங்கிவிட்டான். அங்கே ஒலிவியே மெசியான் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

கண்டக்டர் ஆக வேண்டும் என்று அவர் புறப்படவில்லை. அவர் அடிப்படையில் இசையமைப்பாளர். வயிற்றுப்பாட்டுக்காக 1946 முதல் ஒரு நாடகக் குழுவின் இசைப் பொறுப்பை ஏற்றார். கை பழகியது அங்கேதான். அந்நாளில் பாரிசில் புதிய இசை மேடையேறுவதே அபூர்வம். ஏறினாலும் போதிய ஒத்திகையில்லாமல் அரைகுறையாக வாசிக்கப்படும். கேட்டவர்கள் "இதெல்லாம் ஒரு இசையா?" என்று எழுந்து போவார்கள். குற்றம் படைப்பில் இருந்ததா, வாசிப்பில் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. பிறர் சரியாகச் செய்யாததால் தாமே செய்யக் கிளம்பியவர் பூலெஸ்.

இந்த இடத்தைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். நன்கு தெரிந்த ஒரு தியாகராஜர் கிருதியில் பாடகர் இரண்டு சங்கதிகளை விட்டுவிட்டாலும் நம் காது அதை நிரப்பிக்கொள்ளும். நூறு முறை கேட்டிருக்கிறோம் அல்லவா? முதன்முறையாகக் கேட்கும் படைப்புக்கு அந்த ஆதரவு கிடையாது. வாசிப்பவர் தவறினாலும் பழி படைத்தவர் தலையில்தான் விழும். ஆகவே பழைய இசைக்குச் சுமாரான வாசிப்புப் போதும் என்றாலும்கூட, புதிய இசைக்குப் போதாது. பூலெஸின் தொழில் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையின் மேல் கட்டியது.

அவருடைய திறமை எப்படிப்பட்டது? ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' 1913-ல் பாரிசில் அரங்கேறியபோது அரங்கமே அமளிதுமளிப்பட்டது. அதன் இறுதிப் பகுதியில் தாள எண்ணிக்கை இரண்டு, மூன்று, ஐந்து என்று நொடிக்கு நொடி மாறும். ஆதி தாளத்தில் ஊறிய நமக்குச் சொல்வதானால், ஒவ்வொரு ஆவர்த்தனமும் வேறு வேறு தாளத்தில் வந்தால் எப்படியிருக்கும்? அதுவும் ஏறத்தாழ நூறு பேர் சேர்ந்து வாசிக்கும்போது? பூலெஸ் கையில் கோல் வைத்துக்கொள்வதில்லை. வெறும் கைகளால், ஆர்ப்பாட்டமில்லாத சிறு அசைவுகளால் அந்தக் கணக்கைப் பளிச்சென்று காட்டுவார். அத்தனை வாத்தியங்களுக்கு நடுவே யார் எந்தச் சுரத்தில் பிசகினார் என்று சொல்லிவிடும் காது அவருக்கு. நியூயார்க் வாத்தியக்காரர்கள் அவருக்கு 'பிரெஞ்சுத் திருத்தம்' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். 1969-ல் கிளீவ்லாந்து ஆர்க்கெஸ்ட்ராவோடு அவர் பதிவு செய்த 'வசந்தத்தின் சடங்கு' இன்றும் ரசிகர்கள் தேடிக் கேட்கும் ஒன்று.

திறமை மட்டும் போதாது, கேட்பவர்களையும் தயார் செய்ய வேண்டும் என்பதை அவர் சீக்கிரமே புரிந்துகொண்டார். 1954-ல் பாரிசில் ஒரு சிறிய நாடக அரங்கில் கச்சேரித் தொடர் ஒன்றைத் தொடங்கினார். 'தொமேன் மியூசிகால்' என்று பின்னர் புகழ் பெற்றது. முதல் கச்சேரியை நடத்திக் கொடுத்தவர் ஹெர்மன் ஷெர்ஷென் என்ற மூத்த கண்டக்டர். நிகழ்ச்சி நிரலில் பாக் இருந்தார். அதே மாலையில் ஸ்டாக்ஹவுசன் என்ற 25 வயது இளைஞரின் படைப்பும் இருந்தது. முந்தாநாள் இசை, நேற்றைய இசை, இன்றைய இசை மூன்றையும் அருகருகே வைத்தால், புதியது வானத்திலிருந்து குதிக்கவில்லை என்பது கேட்பவருக்குத் தானே விளங்கும். இதுதான் அவருடைய உபாயம்.

1971 முதல் 1975 வரை லண்டனில் பி.பி.சி. சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் தலைமைக் கண்டக்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்கள் நிறுத்தக் கட்டிய கொட்டகை ஒன்றில் புதிய இசைக் கச்சேரிகளை நடத்தி, கேட்க வந்தவர்களோடு விவாதமும் செய்தார். அதே 1971-ல் நியூயார்க் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. எல்லோருக்கும் பிரியமான லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் இருந்த இடத்துக்கு இவர் வந்தார். வருடச் சந்தா கட்டிய பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். அவர் சளைக்கவில்லை. 1973-ல் அரங்கத்தின் நாற்காலிகளை அகற்றித் தரையில் விரிப்புகளைப் போட்டார். நம் கல்யாணக் கச்சேரியில் ஜமக்காளத்தில் உட்கார்வது போல இளைஞர்கள் வந்து உட்கார்ந்து பழையதையும் புதியதையும் கேட்டார்கள். நியூயார்க்கில் அவர் வெற்றி பெறவில்லை என்று சொல்வோர் உண்டு. ஆறு ஆண்டுகளில் ஒரு மாநகரத்தின் ரசனையே மாறிவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு என்பேன் நான்.

காலம் என்ன செய்யும் என்பதற்கு வேறு ஒரு சான்று உண்டு. 1976-ல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில், வாக்னரின் 'நிபெலுங் மோதிரம்' என்ற நான்கு நாள் இசை நாடகத்துக்கு நூற்றாண்டு விழா. இசையை நடத்தியவர் பூலெஸ். மேடையை அமைத்து இயக்கியவர் பத்ரீஸ் ஷெரோ என்ற இளைஞர். படைப்பு பழையதுதான், அணுகிய விதம் புதிது. தெய்வங்களைத் தொழிற்சாலை யுகத்து மனிதர்களைப் போல நிறுத்தினார்கள். முதல் ஆண்டில் கூச்சலும் விசிலும் அரங்கை அதிர வைத்தன. ஐந்து கோடைகள் அது தொடர்ந்து நடந்தது. 1980-ல் கடைசி இரவு, கைதட்டல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓயவில்லை. இடையில் தயாரிப்பு மெருகேறியது உண்மைதான். ஆனால் பெரிதும் மாறியது பார்த்தவர்களின் கண்ணும் கேட்டவர்களின் காதும். முதல் ஆண்டோடு மூட்டை கட்டியிருந்தால் அந்தக் கைதட்டல் யாருக்குக் கிடைத்திருக்கும்?

பூலெஸை நான் தெய்வமாக்கவில்லை. இளமையில் அவர் வாய்த்துடுக்குக்காரர். 1945-ல் பாரிசில் ஸ்ட்ராவின்ஸ்கியின் படைப்புகளுக்கு எதிராக ரகளை செய்த மாணவர்களில் அவரும் ஒருவர். புதிய முறையின் அவசியத்தை உணராத இசையமைப்பாளர்கள் உபயோகமற்றவர்கள் என்று 1952-ல் எழுதினார். தமக்குப் பிடிக்காத சமகாலத்தவரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம் பக்கத்து இசைக்குக் கேட்ட நியாயத்தை அவர் மற்றவர்களுக்குத் தரவில்லை என்பது என் கருத்து. மூத்தவர்களுக்கு மட்டுமல்ல, புதுமைவாதிகளுக்கும் காது அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது!

ஆனாலும் ஒன்று செய்தார். தம்மோடு முடிந்துவிடாதபடி அமைப்புகளை விட்டுச் சென்றார். புதிய இசைக்கென்றே 31 வாத்தியக்காரர்களைக் கொண்ட நிரந்தரக் குழுவை 1976-ல் பாரிசில் தொடங்கினார். அடுத்த ஆண்டு இசை ஆராய்ச்சிக் கூடம் ஒன்றும் அவர் தலைமையில் திறக்கப்பட்டது. எண்பதை நெருங்கும் வயதில், 2004 முதல், சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் கோடைதோறும் இளம் வாத்தியக்காரர்களுக்குப் புதிய படைப்புகளை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்.

"அதெல்லாம் சரி சார், வாரம் முழுக்க லோக்கல் ரயிலில் நசுங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வருகிறோம். மனதுக்கு இதமாக நாலு பாட்டுக் கேட்கக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தாராளமாகக் கேட்போம். புதியது எல்லாம் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. எத்தனையோ புதிய படைப்புகள் காலத்தில் கரைந்துதான் போகும். ஆனால் எது நிற்கும், எது கரையும் என்பதைச் செல்போனில் இரண்டு நிமிடம் கேட்டுத் தீர்மானிக்க நாம் யார்? வயலின் என்ற ஐரோப்பிய வாத்தியத்தை ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் பாலுசாமி தீட்சிதர் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு ஒரு தேர்வுக் குழு இருந்து "இது நமக்குச் சரிப்படாது" என்று தலையாட்டியிருந்தால்? இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

ஊரை விட்டு வந்தவர்கள் நாம். வரும்போது கொண்டுவந்த பாட்டைப் பத்திரமாகக் காப்பாற்றுகிறோம். அதில் குற்றமில்லை. ஆனால் நம் பிள்ளைகள் தமிழோடு மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் ஒன்று புதிதாகச் செய்தால் அது நம் நினைவில் உள்ள பாட்டைப் போல இருக்காது. அந்தப் பெண் தன் படைப்பை வேறு மேடைக்கு எடுத்துப் போக முடியும். நம்மிடம் முதலில் கொண்டுவந்தாள் என்பதுதான் விஷயம். அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு, 'இளைஞர்கள் சங்கத்துக்கு வருவதே இல்லை' என்று பொதுக்குழுவில் புலம்புகிறோம்.

என் யோசனை எளியது. ஆண்டு விழாவில் ஒரே ஒரு புதிய படைப்புக்கு கால் மணி நேரம் ஒதுக்குவோம். சாப்பாட்டுச் செலவில் கொஞ்சம் குறைத்து, ஒழுங்கான ஒத்திகைக்குப் பணம் தருவோம். இரண்டு பழைய கிருதிகளுக்கு நடுவில் அதை வைப்போம். வாசிக்கும் முன் படைத்தவரே ஐந்து நிமிடம் விளக்கட்டும். பிடிக்காவிட்டாலும் அதே படைப்பை மறு ஆண்டு இன்னொரு முறை வைப்போம். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால், அப்போது சொல்லலாம்.

தேர்வுக் குழு அடுத்த மாதம் மறுபடி கூடுகிறது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் முழுவதுமாகக் கேட்போம் என்று இந்த முறை நானே சொல்லப் போகிறேன். என்னோடு சேர்ந்து கேட்க எத்தனை பேர் வருவீர்கள்?