மூச்சே முதல் அளவுகோல்
விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்கான கொள்கைப் பிரகடனம்

விருத்தாசலத்தில் களிமண் கரைப்போர், அச்சில் வார்ப்போர், பிசிறு சீவும் பெண்கள், சூளை அடுக்குவோர், சிறு பட்டறை உரிமையாளர்கள், இவ்வூர் அரசுக் கல்வி நிலையத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படித்த இளைஞர்கள் ஆகிய நாங்கள் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டியபோது மேலே வந்த களிமண் எங்கள் ஊருக்குப் பிழைப்பானது. இன்சுலேட்டர், பியூஸ் கேரியர், ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை என்று அது வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. பின்னர் பியூஸ் கேரியரை எம்.சி.பி. என்னும் தானியங்கி சுவிட்ச் ஒதுக்கியது, ஜாடியைப் பிளாஸ்டிக் ஒதுக்கியது. கூலியைக் குறைத்து, தூசியைச் சகித்து, கிடைத்ததை எரித்தால்தான் இனி தொழில் பிழைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த வழியை நாங்கள் மறுக்கிறோம்.

மனிதரை மையமாகக் கொண்ட, இயற்கையைச் சிதைக்காத உற்பத்தியே அடுத்த கட்டம் என்று ஐரோப்பிய ஆணையம் 2021-இல் 'இண்டஸ்ட்ரி 5.0' என்ற பெயரில் அறிவித்தது. அதற்கு வெகு முன்பே, தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, 1934-இல் உருவான அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வளர்த்த காலத்திலிருந்தே இந்த நெறிக்காக உழைத்தவர். இருப்பைக் கரைத்து வாழும் பொருளாதாரம் ஒன்று, புதுப்பித்துக்கொள்ளும் வளத்தில் வாழும் பொருளாதாரம் மற்றொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். நிலக்கரிச் சுரங்கத்தோடு வரும் எங்கள் மண் முதல் வகையைச் சேர்ந்தது. ஆகவே அதில் ஒரு பிடியையும் வீணாக்க எங்களுக்கு உரிமையில்லை.

எங்கள் கொள்கைகள்:

1. மூச்சு. பீங்கான் கலவையில் உள்ள குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கினால் வரும் சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்தில்லை. தடுக்க மட்டுமே முடியும். தூசி ஆளைக் கொல்கிறது என்பதற்காகவே இங்கிலாந்தில் தாமஸ் பென்சன் 1726-இல், பாண்டத்தில் சேர்க்கும் தீக்கல்லை நீரில் நனைத்து அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முந்நூறு ஆண்டுகளாகத் தெரிந்த உண்மை இது. உலர்ந்த பொருளைச் சீவுவதும் உலர்ந்த தரையைப் பெருக்குவதும் நிற்க வேண்டும். ஈரப் பஞ்சும், தூசியை உறிஞ்சும் விசிறியும், ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரேயும் ஒவ்வொரு பட்டறைக்கும் வேண்டும்.

2. கை. மூட்டை தூக்குவதையும் அரைவை இயந்திரமான பால் மில்லில் கொட்டுவதையும் இயந்திரம் ஏற்கட்டும். உருவம் கொடுக்கும் கையை அது வெளியேற்றக் கூடாது. எந்த இயந்திரம் வந்தாலும் அங்கே வேலை செய்பவரைக் கேட்டபின் வரட்டும். முதல் பயிற்சியும் அவருக்கே.

3. நெருப்பு. குஜராத்தின் பீங்கான் தொழில் நகரமான மோர்பியில் நிலக்கரி வாயு உலைகளை மூடும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது. உத்தரவு வரும்வரை நாங்கள் காத்திருக்க மாட்டோம். வெப்பம் கசியாத இலகுவான உட்சுவரும், சூளையின் கழிவு வெப்பத்தில் பொருளை உலர்த்துவதும் எரிபொருளைக் குறைக்கும். அரைச் சூளையைத் தனித்தனியே எரிப்பதை விட்டு, சிறு பட்டறைகள் பொதுச் சூளையை நிறைத்துச் சுடட்டும்.

4. மண். சுடாத உடைசல் மீண்டும் கூழாகட்டும். சுட்ட உடைசல் பொடியாகி வேறு பொருளில் சேரட்டும். உண்ணும் பாத்திரத்தில் ஈயம் கலந்த மெருகு கூடாது.

5. கூலி. சூளையில் வெடித்த பொருளுக்காகச் செய்தவரின் கூலியைப் பிடிக்கக் கூடாது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சிலிக்கோசிஸை அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. அந்தப் பாதுகாப்பு மிகச் சிறிய பட்டறைக்கும் எட்ட வேண்டும் என்று அரசைக் கோருகிறோம். பொதுச் சூளைக்கும் தூசிக் கட்டுப்பாட்டுக்கும் கடனுதவி கேட்கிறோம். வாங்குவோர் இந்த நெறியில் செய்த பொருளுக்கு நியாய விலை தர வேண்டும்.

பிறரிடம் கேட்பதற்கு முன் எங்களை நாங்களே கட்டுப்படுத்திக்கொள்கிறோம். இந்தப் பிரகடனத்தில் கையெழுத்திடும் உரிமையாளர் தன் பட்டறையில் உலர் சீவலை உடனே நிறுத்துவார். கையெழுத்திடும் தொழிலாளி முகக்கவசமும் ஈரப் பஞ்சும் இல்லாமல் வேலையில் அமர மாட்டார். லாபம், ஏற்றுமதி, இயந்திரம் எல்லாவற்றையும் இந்த ஊரின் மூச்சை வைத்தே இனி அளப்போம். சம்மதிக்கும் எவரும் எங்களோடு சேரலாம்.